மல்டிமீடியா புரொஜெக்டர் அளவுகோலான கதை

பதிவு நீளம். தேநீரை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள்.

இன்று சில பல் வைத்தியர்கள் வாய்க்குள் ஒரு சின்னக் கமராவை விட்டுப் பல்லின் வடிவத்தை எடுக்கிறார்கள். கார் தொழிற்சாலையில் கதவுத் தகட்டின் வளைவை நீல வெளிச்சம் அடித்து அளக்கிறார்கள். ஐபோன் முகத்தைப் பார்த்துத் திறக்கிறது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சக் கோலம் ஒன்றை எறிவது, இன்னொரு பக்கத்திலிருந்து அந்தக் கோலம் எப்படி வளைந்து விழுகிறது என்று பார்ப்பது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கமராவையும் கணினியையும்தான் புகழ்வார்கள். வெளிச்சத்தை எறிகிற புரொஜெக்டரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு. அளவு பிழைத்த இடங்களைப் பார்த்தால், திரும்பத் திரும்ப அகப்படுகிற ஆள் புரொஜெக்டர்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. அது இரவல் வாங்கிய கருவி. படம் காட்டுகிற தொழிலிலிருந்து வந்தது. மனிதக் கண்ணைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. கண்ணுக்கு அது செய்கிற ஒவ்வொரு உபகாரமும் அளவைக்கு ஒவ்வொரு பொய்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். காலை வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் சீமெந்துத் தரையில் நேர்கோடுகளாக விழும். அதே இடத்தில் ஓர் அரிசி மூடையைக் கிடத்தினால் கோடுகள் வளையும். வெயில் வரும் திசையில் நின்று பார்த்தால் வளைவு தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து மூடை எவ்வளவு உயரம் என்று கணக்கிடலாம். தரம் 10 பிள்ளைக்குத் தெரிந்த முக்கோண கணிதமே போதும்.

இலக்கம் போட்டுப் பார்ப்போம். கமரா நேர் மேலிருந்து பார்க்கிறது. புரொஜெக்டர் 30 பாகை சாய்வில் நிற்கிறது. தளத்தில் விழும் கறுப்பு வெள்ளை வரிகள் 12 மில்லிமீற்றருக்கு ஒன்று. பொருளின் உயரம் கூடக்கூட வரி பக்கவாட்டில் நகரும். ஒரு முழு வரி அளவுக்கு நகர வேண்டுமானால் உயரம் 12 ஐ 30 பாகையின் தாஞ்சனால் வகுத்தால் வரும் அளவு, அதாவது ஏறத்தாழ 20.8 மில்லிமீற்றர் மாறவேண்டும். இனி, வரி இருக்கவேண்டிய இடத்திலிருந்து நூறில் ஒரு பங்கு தள்ளி விழுகிறது என்று வையுங்கள். உயரம் 0.2 மில்லிமீற்றர் பிழைக்கும். சுவரை அளக்க அது தாராளம். பல்லுக்கு மூடி செய்ய அது பெரிய ஓட்டை. பல்லுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.12 மில்லிமீற்றருக்கு உள்ளே இருக்கவேண்டும் என்று 1971 இல் மக்லீன், வொன் பிரவுன்ஹோபர் என்ற இருவர் முன்வைத்த எல்லையைத்தான் பல் வைத்தியத்தில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆகவே வரி எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம். அதைத் தீர்மானிப்பது புரொஜெக்டர்.

கதையைப் பரிஸில் தொடங்கலாம். 1860 இல் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி "ஒளிச்சிற்பம்" என்ற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். வட்டமான ஒரு மண்டபம். நடுவில் ஆளை நிறுத்தி, சுற்றிவர 24 கமராக்களால் ஒரே நேரத்தில் படம் எடுப்பார். 24 படம் என்றால் 15 பாகைக்கு ஒன்று. பிறகு ஒவ்வொரு படத்தையும் மாய விளக்கால் (அந்தக் காலத்துப் புரொஜெக்டர்) திரையில் பெரிதாக்கிப் போடுவார். உருவத்தின் ஓரத்தை ஓர் ஊசியால் தடவிக்கொண்டு போக, அதோடு பொருத்திய கம்பியின் மறுமுனை களிமண்ணை வெட்டும். 24 பக்கமும் வெட்டி முடிந்தால் ஆளின் சிலை. ஓரங்களைக் கையால் நீவிச் சீராக்குவார்கள்.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். எடுத்த படம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், விளக்கு திரையிலிருந்து ஒரு விரற்கடை முன்னே பின்னே நகர்ந்துவிட்டால் அந்த 15 பாகைத் துண்டு மட்டும் பெருத்தோ சிறுத்தோ போகும். வில்லையின் ஓரம் படத்தை வளைத்தால் தோள் வளையும். கையால் நீவ ஆள் இருந்ததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அதற்குக் காரணம் பிழையல்ல, செலவும் உழைப்பும்.

நூறு வருடம் தாண்டுவோம்.

1967 இல் ரோவ், வெல்போர்ட் என்ற இருவர் லேசர் ஒளியின் தலையீட்டு வரிகளைப் பொருளின் மேல் எறிந்து வடிவம் பார்த்தார்கள். வில்லையே தேவையில்லை. இரண்டு லேசர்க் கற்றைகள் சந்தித்தால் இயற்கையே மிக அழகான சைன் வளையியை வரைந்து தரும். எந்தத் தூரத்திலும் மங்காது. வாசிக்கும்போது, பிரச்சினை அன்றே தீர்ந்துவிட்டதே என்று தோன்றும். தீரவில்லை. கரடான பரப்பில் லேசர் ஒளி பட்டால் உப்புத் தூவியது போல மினுமினுக்கும் புள்ளிகள் தோன்றும். லேசரை சுவரில் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் வரியின் ஓரத்தைத் தின்றுவிடும். கோலம் சுத்தம், வெளிச்சம் அழுக்கு.

1970 இல் இன்னொரு வழி திறந்தது. ஜப்பானில் ஹிரோஷி தகசாகியும், அமெரிக்காவில் மெடோஸ், ஜோன்சன், அலன் ஆகியோரும் ஒரே ஆண்டில் ஒரே யோசனையை வெளியிட்டார்கள். நெருக்கமான கோடுகள் கொண்ட ஒரு சட்டத்தைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு விளக்கால் அதன் நிழலைப் பொருளில் விழுத்தி, அதே சட்டத்தினூடாகவே பார்ப்பது. சட்டத்தின் கோடுகளும் வளைந்த நிழற்கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படும்போது புவியியல் வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் போன்ற வட்டங்கள் உடம்பின் மேல் தோன்றும். மெல்லிய இரண்டு வலைத் திரைச்சீலைகளை ஒன்றன்மேல் ஒன்று தொங்கவிட்டால் அலை அலையாகத் தெரியுமே, அதே விளைவு. அதற்கு முவாரே என்று பெயர்.

ஆசிரியர்கள் அறியவேண்டிய பகுதி இதுதான். 1970களில் ஜப்பானிலும் சுவீடனிலும் இந்தக் கோடுகளைப் பிள்ளைகளின் முதுகில் விழுத்தி, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறதா என்று சோதித்தார்கள். இடமும் வலமும் கோடுகள் ஒத்திருந்தால் சரி. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கோடு கூடிவிட்டால் வைத்தியரிடம் அனுப்புவார்கள். எக்ஸ் கதிர் இல்லை, தொடத் தேவையில்லை, ஒரு படம் எடுக்கிற நேரம்தான்.

இங்கேயும் அளவின் நம்பகத்தன்மை விளக்கில்தான் தொங்கியது. விளக்கும் கமராவும் சட்டத்திலிருந்து சரியாக ஒரே தூரத்தில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சமவுயரக் கோடுகள் தட்டையான தளங்களைக் குறிக்காது, தளமே வளைந்துவிடும். சரியாக நின்றாலும், சட்டத்திலிருந்து விலக விலக ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் இடையிலான ஆழம் கூடிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, ஒரே படத்தை வைத்துக்கொண்டு இது மேடா பள்ளமா என்றும் சொல்ல முடியாது. பிள்ளையின் முதுகு என்பதால் மேடு எது என்று நமக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது.

இயந்திரத்துக்குக் கண் கொடுக்கும் வேலை 1971 இல் ஆரம்பமானது. ஐபிஎம் நிறுவனத்தின் வில், பெனிங்டன் ஆகியோர் கட்டக் கோலத்தைப் பொருள்களின் மேல் எறிந்து, ரோபோவுக்குப் பரப்புகளை அடையாளம் காட்டலாம் என்று எழுதினார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன.

ஒன்று, வரிகளுக்கு இலக்கம் கொடுப்பது. 1982 இல் பொஸ்டேமரும் அல்ட்ஷூலரும் சொன்ன வழி. முதல் படத்தில் பாதி கறுப்பு பாதி வெள்ளை, அடுத்ததில் நாலாகப் பிரித்து, அடுத்ததில் எட்டாக... ஐந்து படத்தில் 32 வரிகளுக்குத் தனித்தனி இலக்கம். பத்துப் படத்தில் 1024. கணக்கு அழகு. ஆனால் புரொஜெக்டர் எறிகிற விளிம்பு ஒருபோதும் கத்தியால் வெட்டியது போல இருக்காது, மங்கலாகத்தான் இருக்கும். சாதாரண இரும எண்ணில் 7 என்பது 0111, 8 என்பது 1000. ஏழாம் வரியும் எட்டாம் வரியும் சந்திக்கும் எல்லையில் நாலு படத்திலும் ஒரே இடத்தில் நிறம் மாறவேண்டும். ஒரு படம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் 7 ஆனது 15 ஆகவோ 0 ஆகவோ வாசிக்கப்படும். தட்டையான மேசையின் நடுவில் திடீரென்று ஓர் ஊசி கிளம்பும்.

இதற்கு மருந்து வேறொரு துறையில் ஏற்கனவே தயாராக இருந்தது. பெல் ஆய்வுகூடத்தின் பிராங்க் கிரே, தொலைத்தொடர்பு சமிக்ஞைகளுக்காக 1947 இல் விண்ணப்பித்து 1953 இல் காப்புரிமை பெற்ற எண் வரிசை. அதில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையில் ஓர் இலக்கம் மட்டுமே மாறும். ஆகவே எல்லையில் எந்தப் படம் தடுமாறினாலும் பிழை ஒரு வரிக்கு மேல் போகாது. 1984 இல் ஜப்பானின் இனோகுச்சி, சாட்டோ, மட்சுடா ஆகியோர் இதை வடிவ அளவைக்குக் கொண்டுவந்தார்கள். புரொஜெக்டரின் மங்கல் விளிம்பைத் திருத்த முடியாததால், எண்ணுகிற முறையையே மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் இதன் பொருள்.

மற்ற வழி, விளிம்பே இல்லாத வரி. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு சைன் வளையி போல மெல்ல மெல்ல மாறும் வெளிச்சம். ஒரு புள்ளியின் பிரகாசத்திலிருந்து அது அலையின் எந்த இடத்தில் இருக்கிறது, அதாவது எந்த அவத்தையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். வரியை நூறாகப் பிரித்து வாசிக்கலாம். 1983 இல் டகேடாவும் முட்டோவும் ஒரே படத்தில் இதைச் செய்தார்கள். 1984 இல் ஸ்ரீனிவாசன், லியூ, ஹாலியோவா ஆகியோர் அலையைப் படிப்படியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துச் செய்தார்கள். மூன்று படம் என்றால் ஒவ்வொன்றும் 120 பாகை தள்ளி. பொருள் கறுப்பா வெள்ளையா, வெளிச்சம் கூடவா குறையவா என்பதெல்லாம் கணக்கில் தானாக வெட்டுப்பட்டுப் போகும். இன்றுவரை தொழிற்சாலைகளில் ஆட்சி செய்வது இந்த முறையின் பிள்ளைகள்தான். சூரிச் நகரில் மோர்மன், பிரண்டெஸ்டினி ஆகியோரின் கருவி 1985 இல் முதல் நோயாளியின் பல்லை அளந்ததும் இந்த வழியில்தான். பல் ஒளியை உள்ளே உறிஞ்சுவதால் வெண்பொடி தூவி அளந்தார்கள்.

ஆனால் சைன் வளையியை வெளிச்சத்தில் வரைவது யார்? கண்ணாடித் தகட்டில் கோடு கீறி, அதை நகர்த்தி எறிந்தார்கள். தகட்டைச் சரியாக மூன்றிலொரு வரி நகர்த்துவது பொறிமுறைச் சிக்கல். கொஞ்சம் கூடினால் கொஞ்சம் குறைந்தால் முழு அளவும் அலையும். திரவப் பளிங்குத் திரைகள் (எல்.சி.டி.) வந்தபோது நகரும் பாகம் ஒழிந்தது என்று மகிழ்ந்தார்கள். அதற்கு வேறு நோய். விளக்கின் சூடு, மந்தமான மாற்றம், முழுக் கறுப்பாக ஆகாத கறுப்பு.

1990களில் ஜேர்மனியர்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான முடிவு அது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1990 இல் தொடங்கிய ஜி.ஓ.எம். நிறுவனம், தன்னுடைய அடொஸ் கருவியில் புரொஜெக்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கமராக்களை வைத்தது. முக்கோணம் இப்போது இரு கமராக்களுக்கும் பொருளுக்கும் இடையில். புரொஜெக்டரின் வேலை பொருளின் மேல் அடையாளம் பூசுவது மட்டும். வரி நூறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, இரண்டு கமராவும் அதே பிழையான வரியைத்தான் பார்க்கின்றன. ஆளை நம்ப முடியாவிட்டால் அவனிடம் பொறுப்பைக் கொடுக்காதே என்ற கணக்கு. ஆனால் கமரா இரண்டு, விலையும் இரண்டு. இரண்டு கமராவுக்கும் ஒரே நேரத்தில் தெரியாத மூலைகளை அளக்கவும் முடியாது.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லரி ஹோர்ன்பெக் 1977 இலிருந்து அசையும் நுண்ணாடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1987 இல் இலக்கமுறை நுண்ணாடிச் சில்லு பிறந்தது. நகத்தளவு சில்லில் இலட்சக்கணக்கான ஆடிகள். ஒவ்வோர் ஆடியும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் போகாது. 1996 இல் டி.எல்.பி. புரொஜெக்டர்கள் சந்தைக்கு வந்தன. நம் பாடசாலைகளில் "மல்டிமீடியா" என்று நாம் சொல்லும் பெட்டிகளில் பல இந்த வகைதான். 1024 க்கு 768 என்று போட்டிருந்தால் உள்ளே 7,86,432 ஆடிகள்.

அளவைக்காரர்களுக்கு இது பெருநாள். கண்ணாடி கீறத் தேவையில்லை, தகடு நகர்த்தத் தேவையில்லை. எந்த வரியும் கணினியில் வரைந்து எறியலாம். அலையைச் சரியாக 120 பாகை நகர்த்தலாம், ஒரு மைக்ரோமீற்றர் கூடப் பிசகாது. விலையும் மலிவு. ஆய்வுகூடங்கள் எல்லாம் கடையிலிருந்து புரொஜெக்டர் வாங்கின.

வாங்கி, தட்டையான வெள்ளைப் பலகையை அளந்து பார்த்தால், தகரக் கூரை போல அலை அலையாக வந்தது! மூன்று படம் எடுக்கும் முறையில் ஒரு வரிக்கு மூன்று அலை. எங்கு அளந்தாலும் அதே கூரை.

காரணம் காமா. பழைய தொலைக்காட்சிக் குழாயில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் பிரகாசம் இரட்டிக்காது, நான்கு மடங்குக்கும் மேல் போகும். ஒளிபரப்பு சமிக்ஞைகளை அதற்கேற்பத் திருத்தி அனுப்பினார்கள். பிறகு வந்த திரைகளும் புரொஜெக்டர்களும் அந்தக் குழாயைப் போலவே நடிக்கும்படி செய்யப்பட்டன. கண்ணுக்கும் அது இதம், இருட்டுப் பகுதியின் நுணுக்கங்கள் நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் கணினியில் 255 க்கு 128, அதாவது அரைவாசி வெளிச்சம் என்று எழுதினால், காமா 2.2 உள்ள புரொஜெக்டர் எறிவது அரைவாசியல்ல, ஏறத்தாழ 22 வீதம். நீங்கள் அனுப்பியது சைன் வளையி. சுவரில் விழுவது உச்சி கூர்ந்து அடி பரந்த வேறொரு வளையி. கணக்கு அதைச் சைன் என்று நம்பி வாசிக்கிறது. சுவர் கூரையாகிறது.

2000களின் முதல் பாதியிலிருந்து இதைத் திருத்தும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. புரொஜெக்டரின் வளைவை முன்கூட்டியே அளந்து எதிர்மாறாக வளைத்து அனுப்புவது ஒன்று. பிழை எப்படி வரும் என்று அட்டவணை போட்டுக் கழிப்பது இன்னொன்று. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரு வழி. நான்கு, ஐந்து, ஆறு என்று கூட்டக் கூட்ட அலை குறையும். ஆனால் ஆறு படம் எடுக்கும்வரை பொருள் அசையக்கூடாது. தரம் 1 பிள்ளையை ஆறு படத்துக்கு அசையாமல் நிற்க வைத்துப் பாருங்கள்.

காமா ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். ஒற்றைச் சில்லு டி.எல்.பி. பெட்டிக்குள் நிறச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கண் அதைக் கலந்து வெள்ளையாகப் பார்க்கும் என்று நம்புகிறது. சாம்பல் நிறமும் அப்படித்தான். ஆடிக்குச் சாம்பல் தெரியாது, வெள்ளையும் கறுப்பும்தான். செக்கனில் அறுபதில் ஒரு பங்குக்குள் பல தடவை சாய்ந்து நிமிர்ந்து, கூட்டிப் பார்த்தால் சாம்பல் என்று ஏமாற்றுகிறது. நம் கண் ஏமாறும். கமரா ஏமாறாது. 16.7 மில்லிசெக்கனுக்குப் பதில் 3 மில்லிசெக்கன் மட்டும் திறந்து மூடினால் அது பார்ப்பது அரைகுறைச் சாம்பல், அல்லது வெறும் சிவப்பு. வகுப்பறையில் புரொஜெக்டர் திரையை ஃபோனில் படமெடுத்தால் நிறப்பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

பிறகு, நாம் எல்லோரும் அழுத்துகிற கீஸ்டோன் பொத்தான். மேசையில் வைத்த புரொஜெக்டரை மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகலும். பொத்தானை அழுத்தினால் பெட்டி தானாகப் படத்தைச் சுருக்கி நேராக்கும். சுருக்குவது எப்படி? நீங்கள் அனுப்பிய புள்ளிகளைக் கலைத்து, புதிதாகக் கலந்து, வேறு ஆடிகளில் போட்டு. கவனமாக வரைந்த வரி எந்த ஆடியில் நிற்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. பாடத்துக்கு உதவி, அளவைக்கு நஞ்சு. சாய்க்காமலே படம் மேலே விழும்படி வில்லையைச் சில்லின் நடுவிலிருந்து தள்ளிப் பொருத்திய பெட்டிகளும் உண்டு. அவற்றில் ஒளியின் நடு அச்சு படத்தின் நடுவில் இல்லை, கீழ் ஓரத்தருகே இருக்கும். நடுவில்தான் இருக்கும் என்று நம்பிக் கணக்குச் செய்தால் முழு வடிவமும் மெல்லக் கோணும்.

சூட்டையும் சொல்லவேண்டும். 50 மில்லிமீற்றர் நீளமான அலுமினியத் துண்டு 20 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.023 மில்லிமீற்றர் நீளும். நாம் பௌதிகத்தில் கற்பிக்கும் அதே நீளவிரிவுக் கணக்கு. சிறிய சில்லுகளில் ஆடியொன்றின் அகலம் 0.0076 மில்லிமீற்றர். மூன்று ஆடியின் அகலத்துக்கு உலோகம் நீள்கிறது! எல்லாம் பக்கவாட்டில் போகாது, ஆனால் பத்தில் ஒன்று போனாலே வரி இடம் மாறிவிடும். அதனால்தான் அளவைக்காரர்கள் கருவியைப் போட்டு அரை மணி, ஒரு மணி காத்திருந்து பிறகு தொடுகிறார்கள். காலையில் குளிர்ந்த பெட்டியில் அளவுத்திருத்தம் செய்து, பகலில் சூடான பெட்டியால் அளப்பது இரண்டு வெவ்வேறு கருவிகளால் அளப்பது போலத்தான். கருவி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதிக்க, 2002 இல் ஜேர்மன் பொறியியலாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2634 வழிகாட்டியின் இரண்டாம் பகுதி வந்தது. தூரம் தெரிந்த இரண்டு கோளங்களைக் கம்பியில் பொருத்தி, அளக்கும் பரப்பில் பல இடங்களில் வைத்துப் பார்ப்பது அதில் ஒரு சோதனை. எளிமையானது, ஆனால் பொய் சொல்லும் புரொஜெக்டர் அதில் தப்பாது.

2006 இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சொங் சாங், பெய்சென் ஹுவாங் ஆகிய இருவரும் செய்த இரண்டு வேலைகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று, புரொஜெக்டரின் நிறச் சக்கரத்தையே கழற்றினார்கள். சிவப்பு, பச்சை, நீல வழிகளில் மூன்று அவத்தைப் படங்களை அனுப்பினால், நிறமில்லாமல் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுத்தடுத்து மின்னும். செக்கனுக்கு 40 முழு வடிவங்கள் கிடைத்தன. சிரிக்கிற முகத்தை, சிரிக்கும்போதே அளந்தார்கள்.

மற்றது இன்னும் ஆழமானது. கமராவை அளவுத்திருத்தம் செய்வது எளிது, சதுரங்கப் பலகையைக் காட்டிப் படம் எடுத்தால் போதும். புரொஜெக்டர் படம் எடுக்காதே? அவர்கள் நெடுக்காகவும் குறுக்காகவும் வரிகளைப் பலகையில் எறிந்து, பலகையின் ஒவ்வொரு மூலையிலும் எந்த ஆடியின் ஒளி விழுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து, புரொஜெக்டருக்குக் கண் இருந்திருந்தால் பலகையை எப்படிப் பார்த்திருக்கும் என்ற படத்தையே உருவாக்கினார்கள். அதன் பிறகு புரொஜெக்டர் கணக்கில் இன்னொரு கமரா, ஒளி மட்டும் எதிர்த் திசையில்.

ஒளியியல் என்றால் இப்னுல் ஹைதமைக் கொண்டுவராமல் நம்மவர்கள் ஒரு பதிவும் முடிப்பதில்லை. நானும் விலக்கில்லை, ஆனால் இங்கே உண்மையாகவே தொடர்பு உண்டு. யூக்ளிட்டும் தொலமியும் பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிர் என்றார்கள். பதினோராம் நூற்றாண்டில் கிதாபுல் மனாழிர் அதை மறுத்தது. வெயிலைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, ஒளி வெளியிலிருந்துதான் வருகிறது என்று காட்டியது. மனிதக் கண்ணைப் பொறுத்தவரை இப்னுல் ஹைதம் சொன்னதே சரி. ஆனால் யூக்ளிட்டின் கண் போல, கதிரை வெளியே அனுப்பி வடிவத்தை அறியும் ஒரு கண்ணை 2006 இல் கணக்கோடு செய்து முடித்தார்கள். கேத்திரகணிதத்துக்குத் திசை முக்கியமில்லை.

காமா? அதற்கும் ஒரு வேடிக்கையான முடிவு வந்தது. ஃபோகஸைக் குழப்பிவிடுவது! 1992 இலேயே சூ என்ற சீன ஆய்வாளரும் குழுவினரும் கோடு கீறிய கண்ணாடியை வேண்டுமென்றே மங்கலாக எறிந்து பார்த்திருந்தார்கள். 2009 இல் லெய்யும் சாங்கும் அதை நுண்ணாடிக்குக் கொண்டுவந்தார்கள். புரொஜெக்டரிடம் சாம்பல் நிறம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும் கேட்டார்கள், அது ஆடிக்குத் தெரிந்த மொழி. பிறகு வில்லையைத் திருகி மங்கலாக்கினார்கள். சதுர வளையிக்குள் அடிப்படைச் சைன் ஒன்றும், மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மீடிறனில் சிறிய அலைகளும் ஒளிந்திருக்கின்றன. மங்கல் முதலில் கொல்வது அந்த நுண்ணிய அலைகளைத்தான். எஞ்சுவது ஏறத்தாழ சுத்தமான சைன். காமாவுக்கு அங்கே வேலையே இல்லை, 0 எந்தக் காமாவிலும் 0, 255 எந்தக் காமாவிலும் 255.

வேகமும் கூடியது. சாம்பலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததால் 2010 இல் செக்கனுக்கு 667 வடிவங்கள் எடுத்தார்கள். 2013 இல் உயிருள்ள முயல் இதயத்தின் துடிப்பை இதே வழியில் அளந்தார்கள். இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லைதான். மங்கல் குறைந்தால் சதுர ஓரம் மிஞ்சும், கூடினால் கறுப்பு வெள்ளை வேறுபாடே கரைந்துபோகும். சரியான மங்கல் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும்தான் கிடைக்கும். ஹோர்ன்பெக்குக்கு 2015 இல் ஒஸ்கார் சிலை கொடுத்தார்கள், சினிமாப் படத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டும் சில்லுக்காக. அதே சில்லின் முன்னால் வில்லையைக் கலைத்துவிட்டுத்தான் இதயத்தை அளந்தார்கள்.

கைக்கு வந்த கருவிகளிலும் கதை இதுவே. 2010 இன் கினெக்ட், மாறாத புள்ளிக் கோலத்தை அகச்சிவப்பு லேசரால் எறிந்தது. கோலத்தை விரித்தது ஒளியைக் கோணச் செய்யும் ஒரு சிறு தகடு. அதில் புள்ளி விழும் இடம் ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்தது, லேசரின் அலைநீளமோ சூட்டோடு நகரும். ஆகவே ஒரு விளையாட்டுச் சாமானுக்குள் லேசரின் வெப்பநிலையைப் பிடித்துவைக்கத் தனியாக ஒரு பெல்டியர் உறுப்பை வைத்தார்கள். அதை உருவாக்கிய பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013 இல் அப்பிள் வாங்கியது. 2017 இன் ஐபோன் உங்கள் முகத்தில் 30,000 க்கும் மேற்பட்ட கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை எறிகிறது.

கடைசியாக ஜேர்மனியின் யேனா நகரம். அங்கே ஹைஸ்டும் சகாக்களும் 2016 இல் வெளியிட்ட புரொஜெக்டரில் சில்லு இல்லை, ஆடி இல்லை, காமா இல்லை. பலமான விளக்கின் முன் சுழலும் ஒரு சக்கரம். அதில் ஒழுங்கில்லாத அகலத்தில் பட்டைகள். நாடக மேடை விளக்குக்கு முன்னால் செருகும் தகட்டுக்கு கோபோ என்று பெயர், அதையே இதற்கும் வைத்தார்கள். சில்லைப் போல் சூட்டுக்குப் பயப்படத் தேவையில்லாததால் வெளிச்சத்தை வேண்டிய அளவு கூட்டலாம். செக்கனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள், காரின் காற்றுப்பை வெடித்து விரிவதையே இப்படி அளந்தார்கள். வில்லெம் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். சக்கரம் சுழல்கையில் எந்தப் பட்டை எங்கே நிற்கிறது என்று அவர்கள் அளப்பதுகூட இல்லை. இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு கமராக்களும் ஒரே கணத்தில் ஒரே பட்டையைப் பார்த்தால் போதும்.